பண்ணை பார்க்கும் துணைக்குக் கைத்துப்பாக்கி பரிசு: டெக்சாஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்டினுக்கு மேற்கே, மலைப்பாங்கான சுண்ணாம்புக்கல் பூமியில் எங்கள் பண்ணை இருக்கிறது. ஆடு மாடு பார்ப்பது என் மனைவி. சிவகங்கைப் பக்கம் ஆட்டுப்பட்டியில் வளர்ந்தவள்; இங்கே நாற்பது போயர் ஆடுகளும் ஆறு மாடுகளும் அவள் பொறுப்பு. நான் கணினி வேலை. கடந்த சில வருடங்களில் நம்மவர்கள் பலர் பத்து, இருபது ஏக்கர் வாங்கி, சொத்து வரி குறையும் என்பதற்காக ஆடோ தேனீயோ வளர்க்கிறார்கள். கொஞ்ச நாளில் பாம்பு வருகிறது, பன்றி வருகிறது. பிறந்த நாளோ கல்யாண நாளோ நெருங்கும்போது என்னைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது டெக்சாஸையும் அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தையும் ஒட்டியது. வாங்கும் நாளில் கடைக்காரரிடமும், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடமும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

துப்பாக்கியைப் பரிசாக வாங்கிக் கொடுப்பது சட்டப்படி சரிதானா?

சரிதான். உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது மத்திய அரசின் படிவம் 4473 நிரப்ப வேண்டும். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அதில் ஒரு கேள்வி வரும். உங்கள் சொந்தப் பணத்தில், மனமார ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கினால், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தான். ஆம் என்று எழுதலாம்.

வேறொருவர் பணம் கொடுத்து, அவருக்காக நீங்கள் போய் உங்கள் பெயரில் வாங்கினால்தான் சிக்கல். வெர்ஜீனியாவில் முன்னாள் காவலர் ஒருவர் தன் மாமாவின் காசோலையை வாங்கிக்கொண்டு அவருக்காக ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கினார். துப்பாக்கி வைத்துக்கொள்ள அந்த மாமாவுக்கு எந்தத் தடையும் இல்லை. அப்படியும் படிவத்தில் எழுதியது பொய் என்று வழக்காகி, 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தடையுள்ள ஒருவருக்காக வாங்கினாலோ கதை இன்னும் மோசம். 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரே வங்கிக் கணக்கு, இதில் யார் பணம் என்று பிரிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் குழப்பமே வேண்டாம். இருவரும் கடைக்குப் போங்கள். யார் இடுப்பில் கட்டப்போகிறாரோ அவரே படிவத்தை நிரப்பட்டும். இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்கிறேன், கீழே வரும்.

யாருக்குக் கொடுக்கவே கூடாது?

ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றமாகவே இருந்தாலும் தண்டனை பெற்றவர், துணையை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டவர், கஞ்சா உட்படத் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பழக்கம் உள்ளவர். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்திருப்பது இந்தப் படிவத்தில் எடுபடாது, கேள்வியிலேயே அப்படி எழுதியிருக்கும். நீதிமன்ற ஆணை பற்றிய தடையை எதிர்த்து டெக்சாஸிலிருந்தே ஒரு வழக்கு மேலே போனது. தடை செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் எச்-1பி, மனைவி எச்-4. நாங்கள் வாங்கலாமா?

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. கிரீன் கார்டு உள்ளவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், சட்டத்தில் சொல்லியிருக்கும் சில விதிவிலக்குகளில் அடங்கினால் ஒழிய, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வாங்குவது மட்டும் குற்றம் என்று நினைக்க வேண்டாம். பரிசாகக் கையில் வாங்குவதும் குற்றம்தான்.

அந்த விதிவிலக்குகளில் பலருக்குத் தெரிந்தது, அமெரிக்க மாநிலம் ஒன்றில் பெற்ற செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அந்த வழியாக முறைப்படி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் உரிமம் காலாவதியான நாளிலிருந்து என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கிக் குற்றம் குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்தவே போதுமான காரணம். பத்து வருடம் வரிசையில் நின்று கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் இதில் விளையாடக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் அடி எடுத்து வைக்காதீர்கள். அதுவரை நல்ல பூட்ஸ், வேலி, காவல் நாய், பக்கத்துப் பண்ணைக்காரரின் தொலைபேசி எண். இவை போதும், உண்மையாகவே போதும்.

தெரியாமல் வாங்கி வைத்து, கல்யாண நாளன்று ஆச்சரியமாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். நான் கொடுத்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

பெண்களுக்கு ஏற்றது எது என்று ஒரு கடையில் கேட்டேன். நானூறு கிராம்கூட இல்லாத, உள்ளங்கையில் அடங்கும், ஐந்து தோட்டா பிடிக்கும் .38 அளவு ரிவால்வர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சின்னதாக, அழகாக இருந்தது. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று எனக்கும் தோன்றியது. அவளிடம் கொடுத்தபோது சந்தோஷப்பட்டாள். மறுநாள் ஓடைக்கரையில் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டோம். ஐந்தாவது தோட்டாவுக்குப் பிறகு துப்பாக்கியை மெல்ல மேசையில் வைத்துவிட்டு வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்து, ரத்தம் கசியாமல் சிவந்திருந்தது. கிடாயின் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற கை அது. "இது எனக்கு வேண்டாங்க" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை.

கனமில்லாத துப்பாக்கிதான் கடுமையாக உதைக்கும். அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரில் சுட்டால் உதையில் பெரும்பகுதியை அந்த எடையே வாங்கிக்கொள்ளும். அனுபவம் உள்ளவருக்கே இறகுபோல் இருக்கும் ரிவால்வரில் நாலு தோட்டாவுக்கு மேல் சுட மனம் வராது. சுட்டுப் பழகாத துப்பாக்கியால் குறி தவறும். குறி தவறினால் அது எங்கே போய் விழும் என்பது நம் கையில் இல்லை.

விற்ற துப்பாக்கியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. பழையது என்ற கணக்கில் நஷ்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. கடையின் பரிசுச் சீட்டு ஒன்று, நல்ல பெட்டகம் ஒன்று, இருவருக்குமான ஒரு நாள் பயிற்சி. இந்த மூன்றையும் கட்டிக் கொடுங்கள். துப்பாக்கியை அவர் பிடித்து, வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, தானே எடுத்துக்கொள்ளட்டும். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளங்கள் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் நிறைய உண்டு.

பண்ணையில் கைத்துப்பாக்கி உண்மையில் எதற்கு?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர் குறைவு. வேலை என்ன என்று தெரியாமல் கருவி வாங்க முடியாது. அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பாம்பு. எங்கள் பக்கம் கிலுகிலுப்பைப் பாம்பு, செம்புத்தலைப் பாம்பு, நீர்நிலை ஓரமாக காட்டன்மவுத், அபூர்வமாகப் பவளப்பாம்பு. வழியில் பார்க்கும் பாம்பை விட்டு விலகிப் போய்விடுவதே நல்லது. கொல்லப் போய்க் கடிபட்டவர்கள் எத்தனையோ பேர். ஆட்டுக் கொட்டிலுக்குள், குட்டிகள் நடுவே சுருண்டு கிடந்தால்தான் வேறு வழியில்லாமல் போகும். அதற்கென்று சிறு ஈயமணிகள் அடைத்த தோட்டா கிடைக்கிறது. ஏழெட்டு அடிக்குள்தான் வேலை செய்யும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் பலவற்றில் அந்தத் தோட்டா அடுத்ததை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளும், தோட்டா நிற்கும் சிலிண்டர் சுழலும் ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. சாதாரணக் குண்டால் பாம்பைச் சுட முயலாதீர்கள். எங்கள் தரை சுண்ணாம்புக்கல், குண்டு தெறித்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

வெறிநோய் கண்ட பிராணி. டெக்சாஸில் வெறிநோய் அதிகம் சுமப்பவை ஸ்கங்க் என்ற நாற்றம் பீச்சும் சிறு பிராணியும் வௌவாலும். ஒரு மார்ச் மாதம், பட்டப்பகலில், ஒரு ஸ்கங்க் குடித்தவன் நடையில் குட்டிப் பட்டியை நோக்கி வந்தது. என் மனைவி முதலில் குட்டிகளை உள்ளே அடைத்தாள், நாயைக் கட்டினாள், அப்புறம்தான் உறையிலிருந்து எடுத்தாள். பத்தடியில் நின்று உடம்பில் சுட்டாள். தலையில் சுடக் கூடாது என்று கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். வெறிநோய்ச் சோதனைக்கு மூளை வேண்டும், தலை சிதறினால் சோதிக்க முடியாது. கையுறை போட்டு இரட்டைப் பையில் கட்டி, மாவட்ட விலங்குத் துறை வழியாக ஆஸ்டின் ஆய்வகத்துக்குப் போனது. வெறிநோய் உறுதியானது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தோம்.

காட்டுப்பன்றி. டெக்சாஸில் இருபது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். தனியார் நிலத்தில், நில உரிமையாளர் அனுமதியோடு பன்றியைச் சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. ஆனால் பன்றிக்குக் கைத்துப்பாக்கி சரியான கருவி அல்ல. கூண்டும் ரைபிளும்தான். குட்டியோடு நிற்கும் பெண் பன்றி திடீரென்று எதிரே வந்தால் பாதுகாப்புக்கு ஆகும், அவ்வளவுதான். சிறு ஓநாய் போன்ற கொயோட்டியும் அப்படித்தான். அது எட்டத்திலேயே நிற்கும். பெரிய பைரனீஸ் நாய் இரண்டும் மின்வேலியும் செய்கிற காவலை எந்தத் துப்பாக்கியும் செய்யாது.

கடைசியாக, சொல்லவே மனம் வராத வேலை. கால் முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் ஆடு. மருத்துவர் வர மூன்று மணி நேரம் ஆகும். பண்ணை வைத்திருப்பவருக்கு இந்த நாள் வந்தே தீரும். எங்கே, எந்தக் கோணத்தில் என்பது ஒவ்வொரு பிராணிக்கும் வேறு. கொம்புள்ள ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒன்றல்ல. கன்றுக்கும் ஆட்டுக்கும் .22 போதும், வளர்ந்த காளைக்குப் போதாது. படம் பார்த்துக் கற்க வேண்டிய விஷயம் அல்ல இது. உங்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒருமுறை செய்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் அந்த ஆடு மூன்று மணி நேரம் துடிக்கவில்லை.

அப்படியானால் எந்தத் தோட்டா அளவு? .22, .38, 9 மில்லிமீட்டர், .357?

மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றை .22 லாங் ரைபிள் தோட்டா செய்துவிடும். உதை இல்லை, தோட்டா விலை குறைவு, நூறு நூறாகச் சுட்டுப் பழகலாம். குறை என்னவென்றால், அது விளிம்பில் தட்டி வெடிக்கும் வகை. மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக வெடிக்காமல் ஏமாற்றும். ரிவால்வராக இருந்தால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும்.

பன்றி அதிகம் உள்ள இடம், தனியாக இரவில் வேலி பார்க்கப் போகிறவர், ஆட்களாலும் பயம் உண்டு என்றால் 9 மில்லிமீட்டர் அல்லது .38 ஸ்பெஷல் பக்கம் போகலாம். .357 மேக்னம் ரிவால்வரில் .38 தோட்டாவும் போட்டுச் சுடலாம் என்பது பெரிய வசதி. பழக்கத்துக்கு மென்மையான .38, தேவைக்கு .357. ஆனால் அந்த ரிவால்வர் எடை கூடியதாக இருக்கட்டும்.

சின்னத் தோட்டா என்று .22-ஐ விளையாட்டாக எண்ணக் கூடாது. ஒரு மைலுக்கு மேல் போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். பின்னால் மண்மேடு இல்லாமல் ஒரு தோட்டாவும் சுடக் கூடாது.

ரிவால்வரா, பிஸ்டலா?

ஆட்டுப்பட்டிக்கு நான் ரிவால்வர் என்பேன். தூசி, வைக்கோல் துணுக்கு, வியர்வை எல்லாவற்றையும் தாங்கும். பாம்புத் தோட்டா சிக்காது. தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சிலிண்டரைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரியும். பிஸ்டலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒன்று இருக்கலாம். அதை மறந்து எத்தனையோ வீடுகளில் விபத்து நடந்திருக்கிறது. பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்க விரலில் வலுவும் வேண்டும், மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம்.

கிளாக் 19 போன்ற பிஸ்டலில் 15 தோட்டா நிற்கும், தட்டையாக இருப்பதால் சட்டைக்கு அடியில் அடங்கும். பண்ணையைவிட வெளிநடமாட்டம் அதிகம் உள்ளவருக்கு அது பொருந்தும்.

என் மனைவி கடைசியில் தானே எடுத்தது ரூகர் எஸ்பி101, .22. எட்டு தோட்டா, நாலு அங்குலத்துக்குச் சற்று மேல் குழல், எண்ணூற்றைம்பது கிராம் வாக்கில் எடை, துருப்பிடிக்காத எஃகு. சாணியின் அமோனியாவும் வியர்வையும் கறுப்புப் பூச்சுத் துப்பாக்கியை ஒரே கோடையில் பாழாக்கும். பண்ணைக்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். விலை குறைவாக வேண்டுமென்றால் 2019-இல் வந்த ரூகர் ரேங்ளர் இருக்கிறது. ஆறு தோட்டா .22, தோட்டாவைத் தட்டும் சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் பின்னால் இழுத்துச் சுட வேண்டும். முதல் துப்பாக்கிக்கு அந்த நிதானமும் நல்லதுதான்.

தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று பக்கத்துப் பண்ணைக்காரர் தருகிறார். வாங்கலாமா?

அழகாக இருக்கும். ஆனால் பழைய கௌபாய் பாணி ரிவால்வர்களில் சுத்தியல் முனை நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தாலே வெடிக்கும். ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுத்துச் சுடும் ரூகர் ரிவால்வர்களில் 1973-க்கு முன் செய்தவையும் இந்த வகைதான். அந்நாளில் சுத்தியலுக்கு அடியில் ஓர் அறையைக் காலியாக விட்டே கட்டுவார்கள். ரூகர் நிறுவனம் பழையவற்றை இலவசமாக மாற்றித் தருகிறது, அனுப்பி மாற்றிக்கொள்ளுங்கள். வேலிக்கம்பியில் ஏறி இறங்குகிற ஆளுக்கு மாற்றாமல் கொடுக்காதீர்கள்.

உறை எப்படி இருக்க வேண்டும்?

துப்பாக்கியைத் தேர்வதில் காட்டும் அக்கறையில் பாதி இதற்கும் வேண்டும். விசைப் பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும். மேலே அழுத்திப் பூட்டும் வார் வேண்டும், ஆடு முட்டி இடித்தாலும் வெளியே வரக் கூடாது. இடுப்பின் வலப்பக்க உறை டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்தால் இடிக்கும், இருக்கைப் பட்டையில் சிக்கும். மார்புக் குறுக்கு உறை வாங்கிய பிறகுதான் என் மனைவி தினமும் கட்ட ஆரம்பித்தாள். அதற்கு முன் பிக்கப் வண்டியின் பெட்டியிலேயே போட்டுவைத்திருந்தாள். வண்டியில் விட்ட துப்பாக்கி தேவைப்படும்போது கைக்கு வராது, திருடனுக்கு மட்டும் வரும்.

டெக்சாஸில் எடுத்துப்போக உரிமம் வேண்டுமா?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துப்போகலாம். உரிமம் இப்போதும் விரும்பினால் பெறலாம். நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பும் சுடும் தேர்வும் உண்டு. அந்த வகுப்புக்காகவே பெறச் சொல்வேன். சொந்த நிலத்தில் கட்டிக்கொண்டு அப்படியே பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போய்விடாதீர்கள். பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, உட்கார்ந்து மது அருந்தும் பார் ஆகியவற்றுக்குள் போகக் கூடாது.

இன்னொன்று. பத்து ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான மனைகளாகப் பிரித்த இடங்களில் சுடுவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை போட முடியும். நிலம் வாங்கிய நம்மவர் பலர் இந்த அளவில்தான் இருக்கிறார்கள். முதலில் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

வேறு மாநிலத்தில் இருக்கிறோம். இதெல்லாம் பொருந்துமா?

மத்திய அரசின் சட்டம் பொருந்தும், மற்றது மாறும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக வாங்கும் அனுமதி பெற வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான எஃப்.ஓ.ஐ.டி. அடையாள அட்டை வேண்டும். டெக்சாஸ் நண்பர் வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாநிலம் தாண்டிக் கொடுக்கும் கைத்துப்பாக்கி வாங்குபவரின் மாநிலத்தில் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கே வைப்பது?

உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. பரண், அரிசிப்பானை, பீரோவில் சேலைக்கு அடியில் எல்லாம் பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்த இடங்கள். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். கடையில் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தருவார்கள், அது சட்டம். அதைத் தூக்கி எறியாதீர்கள், ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். எண்பொத்தான்களை அழுத்தித் திறக்கும் பெட்டகம், சுவரிலோ தரையிலோ திருகி வைத்தது, நூறு டாலர் சுற்று வட்டத்திலேயே கிடைக்கிறது.

விருந்துக்கு வரும் குடும்பங்களை மறக்காதீர்கள். தீபாவளிக்கு இருபது பிள்ளைகள் வீடு முழுக்க ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அன்று காலையிலேயே எல்லாம் பெட்டகத்துக்குள் போய்விடும், சாவி என் சட்டைப்பையில்.

அவருக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. துப்பாக்கி கொடுத்தால் தெம்பு வருமா?

இந்தக் கேள்வி ஒருமுறைதான் வந்தது. என்றாலும் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். விவசாயம் செய்பவர்களிடையே தற்கொலை பல தொழில்களைவிட அதிகம். மழை பொய்த்தது, தீவனக் கடன், ஊரிலிருந்து யாரும் வர முடியாத தனிமை, நாள் முழுவதும் பேச ஆளில்லாத நிலம். நம்மவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. "ஒண்ணுமில்லை, அசதி" என்று முடித்துவிடுவார்கள். தூங்காமல் இருப்பது, ஆடுகளை விற்றுவிடலாம் என்பது, பிள்ளைகளிடம் பட்டென்று எரிந்து விழுவது, "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற ஒரு சொல். இவற்றில் எதைக் கேட்டாலும் வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக்கூட நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்புங்கள். அந்த வேகம் பல நேரம் சில நிமிடங்களில் வந்து போவது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். இரவோ பகலோ தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-ஐ அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம், உங்கள் துணைக்காகவும் அழைக்கலாம்.

பயிற்சி எவ்வளவு வேண்டும்?

ஒரு நாள் வகுப்பு, அதன் பிறகு மாதம் ஒருமுறை ஐம்பது தோட்டா. வீட்டில் இருவரும் கற்க வேண்டும், கட்டாதவரும்கூட. எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். எந்த வகுப்பிலும் முதலில் சொல்வது இந்த நான்கும்தான். எங்கள் கொட்டில் கதவில் என் மனைவி தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

காதடைப்பும் கண்ணாடியும் மறவாதீர்கள். தகரக் கொட்டிலுக்குள் ஒரே ஒரு முறை சுட்டாலும் செவி பாதிக்கப்படும். சுட்டு முடித்ததும் ஈயம் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

ஊரில் தோப்பு பார்க்கும் அப்பாவுக்கு இங்கிருந்து ஒன்று வாங்கிப் போகலாமா?

முடியாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சிறைக் குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அங்கே உரிமம் கேட்பது தனி வழி, மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

துப்பாக்கி மட்டுமல்ல, ஒரே ஒரு தோட்டாகூடப் போகக் கூடாது. சுடுதளத்துக்கு எடுத்துப்போன அதே முதுகுப்பையை ஊருக்கும் எடுத்துப்போய், அடியில் கிடந்த ஒரு .22 தோட்டாவால் விமான நிலையத்தில் காவல்துறை வரை போனவர்கள் இருக்கிறார்கள். சுடுதளத்துக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு, பெட்டிகளையும் கைப்பைகளையும் கவிழ்த்து, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். பாம்புத் தோட்டாவைச் சட்டைப்பையில் போடும் பழக்கம் உள்ளவர் வீட்டில் என்றால், துவைத்து மடித்த சட்டைகளையும் சேர்த்து.